ஸ்ரீரங்கச் சுற்று, இரண்டு கிலோமீட்டர்

வக்கீல் சார், இன்று எங்கள் வீட்டில் கத்தரிக்காய் சாம்பார். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் வெறும் ரசம்தான் வைத்திருக்கிறாள், அதிலும் புளி கொஞ்சம் தூக்கல். எட்டிப் பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம். என் சமையலறை ஜன்னலும் அவள் சமையலறை ஜன்னலும் மூன்றடிச் சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நேருக்கு நேர் இருக்கின்றன. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காய் நறுக்குகிறவளுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? எடமலைப்பட்டி புதூரில் வீடுகளை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

உங்கள் கடிதத்தை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "வக்கீலு உங்ககிட்ட என்னமோ கேட்டிருக்காராம்க்கா. நீங்க எழுதிக் குடுத்தா அவரு வெளியில வந்துருவாராம்" என்றாள். அவரு என்றால் வீரமலை, அவள் புருஷன், எங்கள் கம்பெனியின் முசிறி பஸ்ஸை ஓட்டியவர், இப்போது சென்ட்ரல் ஜெயிலில் இரண்டு வருஷத் தண்டனை அனுபவிப்பவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முறையாக எழுதுகிறேன். முறை தவறினால் எனக்குக் கை ஓடாது.

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி. 1980 மே மாதத்தில் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை டவுன் வண்டிப் பட்டியலிலிருந்து ரூட் வண்டிப் பட்டியலுக்கு மாற்றியது யார், ஏன்? டீசல் நோட்டில் இருக்கும் கையெழுத்து என்னுடையது போல இருக்கிறது என்று பட்டும் படாமலும் எழுதியிருக்கிறீர்கள். போல என்ன, என்னுடையதுதான். அவ்வளவு குண்டு குண்டாக எங்கள் ஷெட்டில் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

பிச்சைமுத்து மோட்டார் சர்வீஸில் நான் பதினாறு வருஷமாக டீசல் கிளார்க். பதினாலு பஸ். எந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் குடித்தது என்று எழுதுவது என் வேலை. எழுபத்தொன்பதில் டீசல் தட்டுப்பாடு வந்ததே, பங்க் வாசலில் லாரிகள் இரண்டு நாள் வரிசையில் நின்றனவே, அப்போது எங்கள் முதலாளி ஏதோ ஒரு பஸ் உரிமையாளர் கூட்டத்துக்குப் போய்விட்டு ஒரு டைப் அடித்த தாளோடு திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். இனிமேல் வண்டிக்கு வண்டி இலக்கு உண்டு என்றார்.

அந்தத் தாள் சொன்னது எளிமையானது. நாற்பது கிலோமீட்டருக்குள் ஓடுவது டவுன் வண்டி. அடிக்கடி நின்று நின்று போகும், பாவம், அதனால் லிட்டருக்கு மூன்றேமுக்கால் கிலோமீட்டர் ஓடினால் போதும். நாற்பதுக்கு மேல் ஓடுவது ரூட் வண்டி. அது நிற்காமல் ஒரே பிடியாகப் போகும், அதனால் லிட்டருக்கு நாலரை ஓட வேண்டும். ஷெட்டில் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். மாதா மாதம் ஒவ்வொரு டிரைவர் பெயரும் அதில் ஏறும். இலக்கைத் தொட்டவர் வெள்ளைச் சாக்பீஸில், தொடாதவர் சிவப்பில். தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பு என்றால் வண்டியைப் பிடுங்கிவிட்டு ஸ்பேர் டிரைவராக உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. யாராவது காய்ச்சலில் படுத்தால்தான் வேலை.

ஒரு பஸ் எவ்வளவு டீசல் குடிக்கலாம் என்பதை இன்ஜினோ டிரைவரோ தீர்மானிப்பதில்லை சார், அந்த வண்டியின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை எங்கள் ஷெட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான். முதலாளிக்கே அது பிடிபடவில்லை.

இப்போது ஒன்பதாம் நம்பருக்கு வருகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து முசிறி. நேராகப் போனால் முப்பத்தொன்பது கிலோமீட்டர். ஆனால் நேராக எங்கே போகிறது? காவேரிப் பாலம் தாண்டியதும் ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்து, மொட்டைக் கோபுரத்துப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக ஊர்ந்து, பெருமாளைச் சேவித்துவிட்டு வரும் மாமிகளுக்காக நின்று, திரும்பி வெளியே வந்துதான் கொள்ளிடத்தைத் தாண்டுகிறது. அந்தச் சுற்று இரண்டு கிலோமீட்டர். வண்டி குடிக்கிற டீசலில் ஒரு நல்ல பங்கு அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் போகும். இதற்கு முன்னால் மேனேஜராக இருந்த அற்புதசாமி அதைத் தூரத்தில் சேர்ப்பதில்லை. "கோயில் சுத்து கணக்குல வராதும்மா" என்பார். ஞாயிறு தவறாமல் மேலப்புதூர் சர்ச்சில் முன் வரிசையில் உட்காருகிறவர் இதைச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஆக வண்டி முப்பத்தொன்பது, டவுன். வீரமலை லிட்டருக்கு நாலு புள்ளி ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் முதல் பெயர் அவருடையதுதான். பதினோரு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ரியர்வியூ கண்ணாடியை இடுப்புத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார்.

அற்புதசாமி ரிட்டையர் ஆனார். மே மாதம் நான் நோட்டைத் திறந்து, சுற்றையும் சேர்த்து நாற்பத்தொன்று என்று எழுதினேன். நாற்பதைத் தாண்டியதால் ரூட் வண்டி ஆயிற்று. எது டீசலைத் தின்கிறதோ, அதைச் சேர்த்தவுடன் வண்டி டீசல் குறைவாகக் குடிக்க வேண்டியதாகிவிட்டது. சட்டம் எழுதியவர்களுக்கு அந்தச் சுற்றில் போய்ப் பழக்கமில்லை போல.

கவனியுங்கள், நான் எழுதியது பொய்யில்லை. நாற்பத்தொன்றுதான் உண்மை. முப்பத்தொன்பதுதான் பொய்.

ஏன் மே மாதம் என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்? ஏப்ரலில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. சொல்லாமல் விட்டாலும் ஒன்றும் குறையாது, இருந்தாலும் சொல்கிறேன்.

பொன்னுத்தாயும் நானும் நாலு வருஷமாக அந்த ஜன்னல்கள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள். நான் தனி ஆள். அவளுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் நான் வேலை விட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தால் அவளும் பற்றவைப்பாள். நாத்தனார் சண்டை, முசிறியில் இருக்கும் கொழுந்தன் வாழைத் தோட்டத்தில் பண்ணும் வம்பு, எல்லாம் சூடாக வரும். அப்படித்தான் ஒரு நாள் புத்தூரில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்ததையும், டாக்டர் சொன்னதையும் என்னிடம் சொன்னாள். நான் அதை ஒருத்தரிடம்தான் சொன்னேன். பூக்காரி அற்புதம்மாளிடம். அவள் கூடையில் பூ எவ்வளவு இருக்குமோ அவ்வளவு செய்தியும் இருக்கும், அது என் தப்பா? மறுநாள் குழாயடியில் ஏழு பேர் பொன்னுத்தாய்க்கு ஏழு விதக் கஷாயம் சொன்னார்களாம். ஒருத்தி, வீரமலையை முதலில் டாக்டரிடம் காட்டச் சொன்னாளாம். நல்ல யோசனைதான் அது, என்னைக் கேட்டால்.

அன்றைக்குச் சாயங்காலம் வீரமலை என் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "அக்கா, எங்க வீட்டு விஷயம் எங்க வீட்டோட இருக்கட்டும். உங்கள ஒண்ணும் சொல்லல. ஜன்னல அடைச்சுக்கறேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆறியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

போய் ஜன்னலில் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்தார். ஷெட்டில் உடைந்து கிடந்த பஸ் சீட்டின் முதுகுப் பலகை. அதில் பச்சைப் பெயின்டில் "பெண்கள்" என்று எழுதியிருந்தது. எழுத்து என் பக்கம் தெரிகிற மாதிரி அமைந்துவிட்டது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், அவருக்கு அவ்வளவு குறும்பு கிடையாது. ஆனால் தினமும் காய் நறுக்கும்போது எதிரே அந்தச் சொல் மட்டும் நின்றது. அதற்குப் பின்னால் யார் வந்தார்கள், என்ன சமையல், யார் அழுதார்கள், ஒன்றும் தெரியாது. பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும். சத்தத்தை வைத்து எவ்வளவுதான் தெரிந்துகொள்வது?

நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்டுக்கொண்டாரே.

முதல் மாதம் அவர் பெயர் சிவப்பில் ஏறியது. டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "என்னாப்பா வீரமலை, சிவப்புக் கட்சியில சேந்துட்ட" என்று ஒருவர் கேலி செய்ய, அவரும் சிரித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, வண்டியும் அதே வண்டி, ரோடும் அதே ரோடு. போன மாசம் எடுத்ததுதான் இந்த மாசமும் எடுத்திருக்கேன். அப்புறம் ஏன் சிவப்பு?"

சட்டப்படி இப்போது ரூட் வண்டி என்று விளக்கினேன். ஸ்ரீரங்கத்துக்குள் போகாவிட்டால் நாலரை வரும், போனால் எப்படி வரும் என்று அவர் விரலை மடக்கி மடக்கி எனக்கே கணக்குச் சொன்னார். சரியான கணக்குதான். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எனக்கு அவர் முன்னால் பேச்சு வராது என்றார். சொல்கிறேன் என்றேன். முதலாளியே ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தபோது, "முசிறி வண்டி ஏம்மா திடீர்னு சிவப்புல இருக்கு, பட்டியல் சரிதானா?" என்று கேட்டார். "சரிதாங்க, தூரத்தை அளந்து பாத்தாச்சு" என்றேன். கேட்டது பட்டியல் சரியா என்றுதான். நியாயமா என்று கேட்கவில்லை.

வீரமலையை அப்படியே விட்டுவிடவும் எனக்கு மனசு வரவில்லை. அக்கா என்று கூப்பிடுகிறவர். அதனால் ஒரு வழி சொன்னேன். மற்ற ரூட் டிரைவர்கள் ஆளில்லாத ரோட்டில் இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருள விடுவார்கள். டீசல் மிச்சம். எல்லா நோட்டையும் பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? "காவேரிப் பாலத்துல ஒரு இறக்கம், கொள்ளிடத்துல ஒரு இறக்கம் இருக்குல்ல தம்பி. சும்மா உருளுற வண்டிக்கு எதுக்கு டீசல்?" என்றேன்.

அவர், "இன்ஜின் ஓடுனாத்தான்க்கா பிரேக்குக்குக் காத்து ஏறும். அணைச்சுட்டா இருக்கற காத்துல ரெண்டு மிதி, மூணு மிதி. அதுக்கு மேல மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்கும். அடியில ஜனங்க நிக்கற இடம்" என்றார்.

"மூணு மிதி பத்தாதா?" என்று கேட்டேன்.

இதை நான் மறைக்கவில்லை பாருங்கள். அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் பதினோரு வருஷம் கீறல் விழாமல் ஓட்டியவருக்கு மூன்று மிதி தாராளம் என்று நினைத்தேன். ஒரு மனுஷனின் திறமையை நம்புவது குற்றமா?

இரண்டாவது மாதம் அவர் நோட்டைக் கூட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, வண்டி உருள ஆரம்பித்துவிட்டது. நாலு புள்ளி நாலு எட்டு. நாலரைக்கு இரண்டு புள்ளிதான் குறைவு. மற்ற வண்டிகளுக்கு நான் முழுசாக்கி எழுதுவது வழக்கம். அதே மாதம் நாலாம் நம்பருக்கு நாலு புள்ளி நாலு ஆறு வந்ததை நாலரை என்று எழுதி வெள்ளையில் ஏற்றினேன். வீரமலைக்கு வந்ததை வந்தபடியே எழுதினேன். முழுசாக்கச் சொல்லித் தாளில் எங்கும் இல்லை. சிவப்பு. இந்த முறை ஷெட்டில் யாரும் கேலி செய்யவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். பலகைக்குப் பின்னால் பொன்னுத்தாய் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று புரியவில்லை. காதைச் சந்துப் பக்கம் வைத்துப் பார்த்தேன், அப்போதும் புரியவில்லை. நல்ல கனமான பலகை. பழைய காலத்து பஸ் சாமான்.

எங்கள் டீசல் கணக்கு மாதா மாதம் ஐந்தாம் தேதி முடியும். மூன்றாவது மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆடிப் பதினெட்டு வந்தது. இரண்டு ஆற்றங்கரையிலும் ஜனம், ஸ்ரீரங்கத்துக்குள் நகரவே முடியாமல் ஜனம். காலையில் டீசல் அளந்து கொடுக்கும்போது வீரமலையிடம் நிலவரத்தைச் சொன்னேன். மறைக்கக் கூடாது இல்லையா? "இதுவரைக்கும் நாலரைல நிக்குது தம்பி. இன்னைக்குக் கூட்டத்துல நின்னு நின்னு போனீங்கன்னா எறங்கிடும். பாத்துக்கங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினார்.

மீதி எல்லாம் உங்கள் கேஸ் கட்டில் இருக்கிறது. கொள்ளிடம் பாலம் முடிந்து இறங்கும் இடத்தில் இன்ஜினை அணைத்தார். வண்டிக்குள் தொண்ணூறு பேர். தோளில் பிள்ளையோடு குறுக்கே வந்தவருக்கு ஒரு மிதி. முளைப்பாரிக் கூட்டத்துக்கு ஒரு மிதி. வாழைத்தார் ஏற்றிய மாட்டு வண்டிக்கு ஒரு மிதி. மூன்றும் சரியாகப் பிடித்தன என்று கண்டக்டரே கோர்ட்டில் சொன்னார். ஆகையால் மூன்று மிதி என்று வீரமலை சொன்னது கணக்குப்படி ரொம்பச் சரி. நாலாவதுதான் பிடிக்கவில்லை. கீழே டோல்கேட் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாலு பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி, ஆடிப் பதினெட்டுக்கு வியாபாரம் நன்றாக ஆகுமே என்று அங்கே போயிருந்த எங்கள் தெருப் பூக்காரி அற்புதம்மாள். எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அதற்கப்புறம் தெருச் செய்தி நம் வீட்டுக்கு இரண்டு நாள் தாமதமாகத்தான் வருகிறது.

இன்ஜினை ஏன் அணைத்தாய் என்று ஜட்ஜ் கேட்டபோது, "தப்புதாங்க" என்று மட்டும் சொன்னார். கரும்பலகையைப் பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை. நான் மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். கூண்டிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்து, "பொன்னு தனியா இருக்குக்கா" என்றார். எவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தீர்ப்பு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் பலகைக்குப் பின்னாலிருந்து, "அக்கா, இருக்கீங்களா?" என்று குரல் வந்தது. "இருக்கேன் பொன்னு" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவளே அரிவாள்மணையின் நுனியால் ஆணியைக் கிளப்ப ஆரம்பித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. நான் காயை நறுக்காமல் காத்திருந்தேன். பலகை சந்தில் விழுந்தது. இப்போது அது என் தண்ணீர் டிரம்முக்கு மூடி. அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது.

இப்போது அவள் என்னிடம் சொல்லாத விஷயமே கிடையாது. ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போனால் என்ன பேசினார், எத்தனை கிலோ இளைத்தார், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாரா, எல்லாம் எனக்குத்தான் முதலில். நாலு வருஷம் பேசியதை இந்த ஏழு மாதத்தில் பேசிவிட்டாள். ஜாமீனுக்கு வீட்டு வரி ரசீதோடு ஆள் வேண்டும் என்று நீங்கள் கேட்டனுப்பினீர்களே, அப்போதும் ஓடி என்னிடம்தான் வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என் வீடு முழுக்கத் தேடினோம். ரசீது கிடைக்கவில்லை. அது ஆபீஸ் மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் தேதி போய்விட்டது.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில். வண்டியைப் பட்டியல் மாற்றியது நான். முதலாளி சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. அந்த வண்டி அந்தச் சுற்றில் நாலரை எடுக்காது என்று தெரிந்தே மாற்றினேன். இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான், அணைத்தால் என்ன ஆகும் என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டதும் நான். இரண்டாம் மாதம் இரண்டு புள்ளியை விட்டுக்கொடுக்காததும் நான். காரணம் கேட்டீர்கள். ஒரு பலகை. இதை நான் எழுதிக் கொடுத்தால் அப்பீலில் தண்டனை குறையும், விடுதலையே கூடக் கிடைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கட்டும். நல்ல மனுஷர். வந்ததும் முதல் வேலையாக என்ன செய்வார் என்றும் எனக்குத் தெரியும். ஷெட்டில் உடைந்த சீட்டுக்கா பஞ்சம்?

இதோ, எதிர் ஜன்னலில் வந்து நிற்கிறாள். கையில் கரண்டி. ரசத்தில் உப்புப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறாள்.

"எழுதிட்டீங்களாக்கா? திங்கக்கெழம கோர்ட்டாம். நாளைக்காச்சும் கொண்டாந்து குடுக்கச் சொன்னாரு வக்கீலு."

"இன்னும் ரெண்டு வரி இருக்கு பொன்னு. நீ உக்காரு. ஜெயில்ல என்ன சொன்னாருன்னு நேத்துப் பாதியில விட்டியே, அதைச் சொல்லு."

உங்கள் கடிதம் வந்தது சித்திரையில். இப்போது ஆவணி. அந்த இரண்டு வரியில் ஒன்று தேதி, இன்னொன்று என் கையெழுத்து. அவசரப்பட்டால் ஏதாவது தவறாகிவிடும் வக்கீல் சார். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தவறான எழுத்து எழுதியதில்லை.